கேதீஸ்வரியின் விஞ்ஞானக் கேள்வி

கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்க் குஞ்சுக்காரி வீடு எது என்று கேட்டால், சைக்கிளை நிறுத்தாமலே கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள். வாவிக்கரைக்கு இறங்கும் கிரவல் வீதியின் முடிவில் இருக்கிறது அந்த வீடு. முன்பக்கம் கணவர் விஜிதரனின் வலைகள் காயும். பின்பக்கத்து அறை முழுவதும் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகள். வெளியே வெயிலில் வியர்த்து நிற்பவர்கள்கூட அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் திரும்புவார்கள். கேதீஸ்வரிக்கு அந்தச் சூடு உடம்போடு ஒட்டிப்போனது.

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, வருடப்பிறப்புப் பலகாரம் தீர்ந்த கையோடு பிரதேச சபைத் தேர்தல் ஊருக்குள் வந்து இறங்கியது. மாதர் சங்கத்துத் தலைவி அன்னப்பூரணி அந்த முறை ஒரு புதுமை செய்தாள். வேட்பாளர்கள் வீடு வீடாக வந்து கும்பிட்டுவிட்டுப் போவது காணும், மூன்று பேரையும் ஒரே மேடையில் இருத்திக் கேள்வி கேட்போம் என்றாள். யானை வேலியைப் பற்றி ஒருத்தி, வீதியைப் பற்றி ஒருத்தி, ஆஸ்பத்திரியைப் பற்றி ஒருத்தி என்று ஆளாளுக்குக் கேள்விகளைப் பங்குபோட்டார்கள். நகரத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்த பெண், விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் பற்றியும் ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதைக் கேட்டதும் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"பிரதேச சபைக்கும் விஞ்ஞானத்துக்கும் என்னகா சம்பந்தம்? அவங்க குப்பை அள்ளினாலே பெரிய காரியம்" என்றாள் ஒருத்தி.

"அப்பிடிச் சொல்லாத. எங்களிட்ட விஞ்ஞானம் படிச்ச ஆள் இருக்கு" என்று அன்னப்பூரணி கேதீஸ்வரியைப் பார்த்தாள். "நீ கேள்கா."

கேதீஸ்வரி மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. விஞ்ஞானம் படித்த ஆள் என்று யாரும் அவளைச் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது. அதைவிட, வட்டாரத்தில் நிற்கும் மூன்று வேட்பாளர்களில் இரண்டு பேர் அவளோடு ஒரே வகுப்பில் விஞ்ஞானம் படித்தவர்கள்.

பழைய தமிழ்க் கட்சி ஒன்றில் நிற்பவன் கனகசிங்கம். வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் கீறிக் கொடுப்பது அவனுடைய தொழில். ஆளும் கட்சியில் நிற்பவன் இராசதுரை. கட்டாரில் பல வருடம் உழைத்துவிட்டு வந்து நெல் ஆலை போட்டவன். அறுவடைக் காலத்தில் அவனுடைய வெட்டு மெசின்கள்தான் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை முழுக்க ஓடும். மூன்றாவது ஆள் பிரஷாந்தி. சுயேச்சைக் குழுவில் நிற்கும் இளம் பெண், பல்கலைக்கழகம் முடித்துவிட்டு முன்பள்ளி நடத்துகிறாள். கனகசிங்கமும் இராசதுரையும் போன தேர்தலிலிருந்தே முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

அன்று பின்னேரம் விஜிதரன் வலையில் சிக்கியிருந்த சாதாளைப் பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்க, விஞ்ஞானத்தப் பத்தி இவங்களிட்ட என்ன கேக்கிற?" என்றாள் கேதீஸ்வரி.

அவர் தலை நிமிரவில்லை. "ஆத்துல றால் ஏன் குறைஞ்சு போச்சு எண்டு கேள். எனக்கு அது தெரிஞ்சாக் காணும்."

வாவியை அவர் ஆறு என்றுதான் சொல்வார். கேதீஸ்வரி சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்பதைத்தானே ஒரு காலத்தில் அவளும் கனகசிங்கமும் இராசதுரையும் ஒன்றாகச் செய்தார்கள்?

அந்தக் காலம் தொண்ணூறாம் ஆண்டின் முதல் பாதி. இந்திய இராணுவம் போய்விட்டது. அடுத்த சண்டை இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைவெளிக்குள் பாடசாலையில் முதன்முதலாக உயர்தர விஞ்ஞான வகுப்புத் தொடங்கினார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள். பெண்களில் கேதீஸ்வரி மட்டும்தான். வாவிக்கு அந்தப் பக்கத்து எழுவான்கரையிலிருந்து தோணியிலும் சைக்கிளிலுமாக வந்து படிப்பித்த தெய்வமணி ரீச்சர், நகரத்தில் நடக்கப்போகும் விஞ்ஞானக் கண்காட்சிக்கு நீங்களும் ஏதாவது செய்யுங்கோ என்று சொன்னார். என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

குஞ்சு பொரிக்கும் பெட்டி என்பது கனகசிங்கத்தின் யோசனை. அவன் வகுப்பில் பாதி நேரம் ஏதாவது கீறிக்கொண்டே இருப்பான். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, இடைவெளியில் உமி, ஒரு பக்கத்தில் விளக்கு, விளக்குச் சூட்டை உள்ளே கொண்டுபோகத் தகரக் குழாய், சூடு கூடினால் திறக்க மேலே ஒரு சிறு கதவு. கீறி முடித்ததும் அவனுக்கு வேலை முடிந்துவிட்டது. கடதாசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு அழகு பார்த்தான்.

"படம் வடிவா இருக்கு. பெட்டி எங்க?" என்றான் இராசதுரை.

பெட்டியைக் கொண்டுவந்ததும் அவன்தான். கடைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி இரண்டு தேயிலைப் பெட்டிகள் வாங்கினான். தகரம் எங்கே கிடைத்தது என்று இன்றைக்கும் அவன் சொன்னதில்லை. ஊரெல்லாம் திரிந்து அடைக்கோழிக்கு வைத்திருந்த முட்டைகளைத் தாய்மாரிடம் கேட்டு வாங்கி, சாரத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தான். பெட்டிக்குள் அந்த முட்டைகளை அடுக்கியபோது தேயிலை வாசமும் உமி வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் ஒன்றாக எழும்பின. கேதீஸ்வரிக்கு வாய்த்தது பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. முட்டைகளைப் புரட்டுவது, ஈரத்துக்காக உள்ளே வைத்த சட்டியில் தண்ணீர் வற்றாமல் ஊற்றுவது, வெப்பமானியைப் பார்ப்பது. சூடு கூடினால் கனகசிங்கம் மேல் கதவைத் திறக்கச் சொல்வான். இராசதுரை விளக்குத் திரியை இறக்கச் சொல்வான். இரண்டு பேரும் அதற்காகச் சண்டை பிடிப்பார்கள். அவர்கள் சண்டை பிடித்து முடிப்பதற்குள் அவள் கதவையும் கொஞ்சம் திறந்து திரியையும் கொஞ்சம் இறக்கிவிட்டிருப்பாள்.

கண்காட்சிக்குப் போகும் நாள் விடிந்தபோது முட்டைகளுக்குள் கீச்சுச் சத்தம் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டொரு நாளாகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அப்போது மண்முனைத் துறைக்குப் பாலம் இல்லை. பாதை என்று ஊரார் சொல்லும் தட்டைப் படகில்தான் ஆளும் சைக்கிளும் மாடும் வாவியைக் கடக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிப் படகின் நடுவில் வைத்து, காற்று அடிக்காமல் மூன்று பேரும் சுற்றிக் குந்தினார்கள். பாதி வழியில் காற்று ஒரு சுழற்றுச் சுழற்றி விளக்கை அணைத்துவிட்டது. நெருப்புப்பெட்டி நனைந்துபோயிருந்தது.

"என்ன புள்ள அழுறாய்?" என்று கேட்டாள் கச்சான் கடலை வறுத்து விற்கப் போகும் ஓர் அம்மா.

கேதீஸ்வரி விசயத்தைச் சொன்னாள். அந்த அம்மா தன் பெட்டியைத் திறந்து, விடியற்காலையில் வறுத்த கச்சானை இன்னும் சூடு ஆறாத சாக்கோடு தூக்கிக் கொடுத்தாள். அதைத் தேயிலைப் பெட்டிக்குள் திணித்தார்கள். சைக்கிளோடு நின்ற ஒருவர் தன் சால்வையைக் கழற்றி மேலே போர்த்தினார். கரை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் முதல் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. படகு ஓட்டியவர் தன் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். மாட்டோடு வந்தவர் ஐயனாரைக் கூப்பிட்டார். இராசதுரை சத்தம் போட்டுச் சிரித்தான். கனகசிங்கம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான், அவன் கண் கலங்கியிருந்தது கேதீஸ்வரிக்குத் தெரிந்தது.

கண்காட்சியில் அவர்களுக்கு ஒரு பரிசும் கிடைக்கவில்லை. பார்வையிட வந்த பெரியவர் பெட்டிக்குள் குடுகுடு என்று ஓடிய குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, "சந்தையில வாங்கிப் போட்டிருக்கிறீங்கள் போல" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். திரும்பும் படகில் மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவ்வளவு சிரிப்பு அதற்குப் பிறகு கேதீஸ்வரிக்கு வரவில்லை. அடுத்த மாதம் சண்டை தொடங்கியது. ஊர் முழுவதும் காட்டுப் பக்கம் ஓடியபோது, வளர்ந்துவந்த குஞ்சுகளைக் கூட்டைத் திறந்து வெளியே விட்டுவிட்டுப் போனார்கள். தெய்வமணி ரீச்சர் மறுபடி அந்தக் கரைக்கு வரவில்லை. வகுப்பும் இல்லை. கனகசிங்கம் கொழும்புக்கும் இராசதுரை வெளிநாட்டுக்கும் போனார்கள். கேதீஸ்வரி ஊரிலேயே இருந்தாள், கலியாணம் முடித்தாள், ஊருக்கு மின்சாரம் வந்த பிறகு பெட்டி செய்யத் தொடங்கினாள்.

கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று அவளுக்குப் பட்டது. முதலில் நெல் ஆலைக்குப் போனாள். தூசுக்குள்ளிருந்து வெளியே வந்த இராசதுரை, கதிரை எடுத்துப் போட்டுச் சோடா உடைக்கச் சொன்னான்.

"விஞ்ஞானமா? இது பார் கேதீஸ்" என்று கைத்தொலைபேசியைக் காட்டினான். வட்டைக்கு மேலே சிறிய விமானம்போல ஒன்று பறந்து மருந்து தெளித்துக்கொண்டிருந்தது. வட்டை என்பது அங்கே வயல்வெளிக்குப் பெயர். "டுரோன். முதுகில தாங்கியக் கட்டிக்கொண்டு மருந்தடிச்சு எத்தின பேருக்கு நெஞ்சு வருத்தம் வந்திருக்கு? நான் வந்தா சங்கத்துக்கு ஒண்டு எடுத்துக் குடுப்பன். மண் பரிசோதிக்கிற மெசின். றால் பழுதாகாம வைக்கக் குளிர் அறை. சும்மா பறைஞ்சு வேலையில்ல. சாமான் வந்து இறங்கோணும்."

"பழுதானா யார் திருத்துற?"

"கொம்பனிக்காரன் வருவான்."

"கொழும்பிலிருந்தா?"

இராசதுரை சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் அதே சிரிப்புத்தான். வயது மட்டும் ஏறியிருந்தது.

கனகசிங்கத்தின் வீட்டில் மேசை நிறையக் கடதாசி. அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே ஒரு பெரிய படத்தை விரித்துவிட்டான். விஞ்ஞான நிலையம். கீழ்மாடியில் ஆய்வுகூடம், மேல்மாடியில் வானம் பார்க்கும் தொலைநோக்கி, வாவியைப் படிப்பதற்கு ஒரு தனி அறை. தூண் தூணாக, சன்னல் சன்னலாகக் கீறியிருந்தான்.

"சாமான் வாங்கிக் குடுக்கிறது விஞ்ஞானமில்ல கேதீஸ். ஏன், எப்பிடி எண்டு கேக்கிற பிள்ளையள் வேணும். உயர்தர விஞ்ஞானப் பிரிவும் ஆய்வுகூடமும் எங்கட பாடசாலையில மூடிக் கிடக்கு. படிக்க விரும்புற பிள்ளை விடிய எழும்பி நகரத்துக்கு ஓடுது. நான் அமைச்சு வரைக்கும் போய் நிப்பன்."

"இது கட்ட எங்க காசு?"

"அது மறுகா பாப்பம்" என்றான், படத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே.

கேதீஸ்வரி அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தாள். அவன் சொல்வதெல்லாம் உண்மை. இராசதுரை சொன்னதும் உண்மை. ஒருவன் கீறினான், ஒருவன் கொண்டுவந்தான். இருவரும் அன்றைக்கு எப்படியோ அப்படியே இருந்தார்கள். ஒரே பெட்டிக்கு முன்னால் குந்தவில்லை, அவ்வளவுதான்.

பிரஷாந்தி அவளைத் தேடி வீட்டுக்கே வந்தாள்.

"மாமி, உண்மையச் சொன்னா எனக்கு இதில பெரிசா ஒண்டும் தெரியா" என்றாள். "சபைக்கு ரீச்சர்மாரப் போட ஏலா. தொலைநோக்கியும் வாங்க ஏலா. நூலகம் சபைக்குச் சொந்தம். அங்க இணையம் போடலாம். பிறகு கிணத்துத் தண்ணி. எங்கட பக்கம் கிட்னி வருத்தம் எண்டு ரெண்டு மூண்டு பேர் கிளினிக் போறாங்க. தண்ணியப் பரிசோதிக்க அனுப்புறதுக்குச் சபையால முடியும். என்ன வருமெண்டு தெரியா. பாத்தாத்தானே தெரியும்."

அவள் போனதும் விஜிதரன் சொன்னார், "இந்தப் புள்ள வாக்கு எடுக்காது. தெரியா எண்டு சொல்லுது."

கூட்டம் பல்நோக்கு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்தது. மின்விசிறி கடகடத்தது. பெண்கள் முன்னால் இருந்தார்கள், ஆண்கள் பின்சுவரோடு சாய்ந்து நின்றார்கள். யானை வேலிக்கும் வீதிக்கும் மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள். பிறகு அன்னப்பூரணி ஒலிவாங்கியைக் கேதீஸ்வரியிடம் கொடுத்தாள்.

பாடசாலைக் காலத்திலிருந்து நீ, நான் என்று பழகியவர்களைச் சபையில் நீங்கள் என்று கூப்பிட வேண்டியிருந்தது. அந்தச் சொல் அவள் வாயில் பொருந்தாமல் நின்றது.

"விஞ்ஞானத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் நீங்க என்ன செய்வீங்க? மத்த ரெண்டு பேரும் சொல்லுறதில என்ன பிழை? அதையும் சொல்லுங்க."

கனகசிங்கம் நிலையத்தைப் பற்றிச் சொன்னான். நன்றாகச் சொன்னான், பெண்கள் கையைத் தட்டினார்கள். இராசதுரை டுரோனைச் சொன்னான். ஆண்கள் விசில் அடித்தார்கள். பிரஷாந்தி தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். யாரும் ஒன்றும் செய்யவில்லை.

அப்போது பின்சுவரிலிருந்து கதிர்காமத்தம்பி என்ற வயதான விவசாயி கையை உயர்த்தினார். "தம்பிமாரே, அந்த வருசம் உரத்த நிப்பாட்டினதும் விஞ்ஞானம் எண்டுதானே சொன்னாங்க? எங்கட வட்டையில பாதி பதர். ஆர் வந்து எங்களிட்டக் கேட்டவன்?"

இரசாயன உரத்தை அரசாங்கம் திடீரென்று தடை செய்த வருடம் அது. அந்த வருடத்தை யாரும் மறக்கவில்லை.

"அது எங்கட ஆக்கள் செய்தது இல்லயே" என்றான் இராசதுரை.

"யார் செய்தாலும், படிச்சவங்க பேசாம இருந்ததுதான் பிழை" என்றான் கனகசிங்கம். சொல்லிவிட்டு இராசதுரையைப் பார்த்தான். "மேல இருந்து என்ன வந்தாலும் வாங்கி விக்கிற ஆக்கள் இருக்கும் மட்டும் அப்பிடித்தான் நடக்கும்."

"நான் வாங்கி வித்தன். நீ என்ன செய்தாய்? கடதாசியில கீறினாய். இன்னும் கீறிக்கொண்டிருக்காய். அந்தத் தேயிலைப் பெட்டியும் நான் கொண்டுவராட்டி கடதாசியிலதான் இருந்திருக்கும்!"

"நான் வச்ச கதவு இல்லாட்டி முட்டையெல்லாம் அவிஞ்சிருக்கும்!"

"கதவா? திரிய இறக்கினதாலதான் சூடு சரியா இருந்தது!"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தேர்தல் மேடையில் இரண்டு வேட்பாளர்கள் எந்தப் பெட்டியைப் பற்றி, எந்தக் கதவைப் பற்றிக் கத்துகிறார்கள் என்று ஆளை ஆள் பார்த்தார்கள். கேதீஸ்வரிக்கு மட்டும் விளங்கியது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

"ரெண்டுந்தான் செய்தது" என்றாள் ஒலிவாங்கியில். "கதவையும் திறந்தன், திரியையும் இறக்கினன். உங்களுக்குத் தெரியாது. நீங்க சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்தீங்க."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கனகசிங்கமும் இராசதுரையும் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இராசதுரையின் உதடு சிரிக்கத் தொடங்கியது. கனகசிங்கத்தின் முகமும் இளகியது. அந்த ஒரு கணத்தில் கேதீஸ்வரி எவ்வளவோ எதிர்பார்த்துவிட்டாள். ஆனால் பின்னால் நின்ற ஆதரவாளன் ஒருவன் ஏதோ கூச்சல் போட்டான். மற்றவன் பதிலுக்குப் போட்டான். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் வேறு வேறு வாசலால் இறங்கிப் போனார்கள்.

கதிர்காமத்தம்பி மட்டும் பிரஷாந்தியிடம் போய், தன் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்தால் எங்கே கொடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வாக்களிக்கப் போன அன்று விஜிதரன் வழி முழுக்கக் கேட்டார், "யாருக்குப் போடப்போறாய்?" அவள் சொல்லவில்லை. வாக்குச்சீட்டைப் பிடித்துக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் அவள் கொஞ்ச நேரம் அதிகமாகத்தான் நின்றாள். மூன்று அடையாளங்களும் தனித்தனியாக இருந்தன. மூன்றுக்கும் சேர்த்துப் போட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு ஒன்றுக்குப் போட்டுவிட்டு வெளியே வந்து, விரலில் மை காயும்வரை ஊதிக்கொண்டு நின்றாள். யாருக்கு என்பதை இன்றுவரை விஜிதரனுக்கும் சொல்லவில்லை.

வட்டாரத்தில் இராசதுரை வென்றான். சுயேச்சைக் குழுவுக்கு மொத்த வாக்கு விகிதப்படி பட்டியலில் ஓர் ஆசனம் கிடைத்து, அதில் பிரஷாந்தி சபைக்குப் போனாள். கனகசிங்கம் தோற்றான். அதற்குப் பிறகு அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டுக் கேதீஸ்வரி போய்ப் பார்த்தாள். விஞ்ஞான நிலையப் படம் சுருட்டி அலுமாரிக்கு மேலே கிடந்தது.

"நீ எனக்கா வாக்குப் போட்டாய்?" என்றான்.

"அது கேக்கிற கேள்வி இல்ல."

"அவனுக்குத்தான் போட்டிருப்பாய். அவன் கொண்டுவந்து இறக்குவான்."

"கனகு, தேர்தல் முடிஞ்சிட்டு" என்றாள் கேதீஸ்வரி. பாடசாலைப் பெயரால் அவனைக் கூப்பிட்டது அவளுக்கே வியப்பாக இருந்தது. "பாடசாலை ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கெண்டு நீதான் சொன்னாய். பிள்ளையள் அங்கதான் இருக்காங்க. சனிக்கிழமையில ரெண்டு மணித்தியாலம் வந்து படிப்பிக்க உனக்கு ஒரு பதவி வேணுமா?"

அவன் அலுமாரிக்கு மேலே கிடந்த படத்தைப் பார்த்தான். "நான் ரீச்சர் இல்லயே" என்றான்.

"கீறிக் காட்டு. அது உனக்கு வரும்."

அதிபரிடம் அவள்தான் கதைத்தாள். ஆய்வுகூடத்தின் கூரை ஒழுகியது, மின்சார வயர்களை எலி தின்றிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு ஆலைக்குப் போனாள். இராசதுரை இரண்டு ஆட்களையும் தகரமும் வயரும் ஏற்றிய லான்மாஸ்டர் உழவு இயந்திரத்தையும் அனுப்பினான். டுரோன் மட்டும் இன்னும் வந்து இறங்கவில்லை. கொம்பனிக்காரனோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்கிறான்.

சபையில் பிரஷாந்தி தண்ணீர் விசயத்தை எடுத்தாள். இராசதுரை எழும்பி அதை ஆதரித்தான் என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது கேதீஸ்வரி கையிலிருந்த முட்டையை வைத்துவிட்டுக் கேட்டாள், "மெய்யாவா?" மெய்தான். போத்தல்கள் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை. விஜிதரன் தன்னுடைய றாலைப் பற்றியும் யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கிறார்.

இப்போது கனகசிங்கம் சனிக்கிழமைகளில் பாடசாலைக்கு வருகிறான். இராசதுரை வேலை பார்க்க வருவது கிழமை நாட்களில். ஒருவன் வரும் நாளில் மற்றவன் வருவதில்லை. யாரும் அப்படிப் பேசி வைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் நடக்கிறது. கதவைத் திறந்துவிடுவதும் பூட்டுவதும் கேதீஸ்வரி. போன சனிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு கூட்டிக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் கனகசிங்கம் கீறிய மின்சுற்று ஒன்று அழிக்காமல் இருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில், இராசதுரையின் ஆட்கள் புதிதாகப் பூட்டிய விளக்கு ஆளி, சுவிட்ச், இருந்தது. அவள் ஆளியைத் தட்டினாள். மேலே விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கரும்பலகைக்கு முன்னால் பிள்ளைகள் இருக்கும் வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டு, தெருவில் விஜிதரனின் சைக்கிள் மணி கேட்கும்வரை தனியாக இருந்தாள்.